இல்லாத உப்பைக் கழுவிய கதை

எஞ்சினை உடைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்துச் சொல்லும் பொறுமை எனக்குக் கிடையாது. அதோடு, ஏற்கெனவே மூன்று மாதம் ஒளித்துவைத்துப் பட்டபாடு போதும்.

படகு எனக்கும் அத்தானுக்கும் பொது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். இருபது அடிப் படகு, பின்பக்கம் ஒரு மூடி, மூடிக்குக் கீழே நாலு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். கனடாவில், ஸ்காபுறோ ஏரிக்கரையில், மண்மேடுகளுக்குக் கீழே உள்ள ஒரு யார்டில் அதை இழுவைவண்டியோடு விட்டிருந்தோம். கோடையில் சனிக்கிழமைதோறும் அதை ஏரியில் இறக்கி மீன் பிடிக்கப் போவோம். மீன் கிடைப்பது குறைவு. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கிழமை முழுக்கப் பிறம்ரனில் வெயர்ஹவுஸ் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டி, போக வர நெடுஞ்சாலையில் இழுபடுகிற எனக்கு, முன்னால் ஒரு வாகனமும் நிற்காத இடம் ஒன்று தேவைப்பட்டது.

அத்தான் கடற்கரை ஊர்க்காரர். நான் வெங்காயத் தோட்டத்துக்காரன், வாட்டர் பம்புக்கு மேல் எனக்கு எஞ்சின் தெரியாது. ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். எஞ்சின் அவருடைய பாடு. தூண்டில், சோற்றுப் பார்சல், வாய்க்கதை எல்லாம் என்னுடைய பாடு.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு முறையும் படகைக் கரையேற்றியதும் எஞ்சினின் காலில், அது தண்ணீர் இழுக்கும் துளைகளின்மேல், இரண்டு ரப்பர்க் கிண்ணங்களைக் கவ்வவைத்து, தண்ணீர்க் குழாயைப் பொருத்தி, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவார். கடலால் வந்த எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் கொடுக்காவிட்டால் உள்ளே தங்கும் உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பது அவருடைய ஊர்ச் சட்டம்.

"அத்தான், உது ஏரி. உதில உப்பு எங்கை கிடக்கு?" என்று முதல் வருடம் கேட்டேன்.

"தெரியுமடா," என்றார். "கைதான் கேக்குதில்லை."

நான்கு வருடம் இதைச் சொல்லி அவரைப் பகிடி பண்ணியிருக்கிறேன். ஏரியைக் கழுவிச் சுத்தமாக்கும் மனிதர் என்று கலியாண வீடுகளில் அறிமுகப்படுத்தியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே நிற்பார்.

போன ஒக்ரோபரில் கடைசித் தடவையாகப் போனபோது பாதி வழியில் மழை பிடித்துவிட்டது. விரல் விறைத்து, பல் கிடுகிடுத்து, அக்கா போனில் ஏச, படகைக் கரையேற்றித் தறப்பாளை மேலே மூடிக் கட்டிவிட்டு ஓடிவந்தோம். எஞ்சினைக் கழுவவில்லை. என்றைக்கும் விடாத மனிதர் அன்றைக்கு விட்டுவிட்டார். காரில் வரும்போது எனக்கு அது உறுத்தியது. சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை வேலையில் இருக்கும்போது போன் பண்ணினார். "போட் வேலையெல்லாம் முடிச்சிட்டன்" என்றது மட்டும்தான் எனக்குக் கேட்டது. பக்கத்தில் ஒருவன் ஃபோர்க்லிஃப்ற்றைப் பின்னால் எடுக்க, அது கீ கீ என்று கத்திக்கொண்டிருந்தது. தறப்பாளை இறுக்கிக் கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஓம் ஓம் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை, மறந்துவிட்டு வந்த என் தேத்தண்ணிப் போத்தலை எடுக்க யார்டுக்குப் போனேன். குளிருக்காகக் குழாயை இன்னும் மூடியிருக்கவில்லை, தண்ணீர் வந்தது. ரப்பர்க் கிண்ணங்கள் படகுக்குள்ளேயே கிடந்தன. மனிதர் ஆசையாகச் செய்கிற வேலை, மழையால் விடுபட்டுப்போனது, அவருக்குத் தெரியாமல் நானே செய்துவிட்டால் என்ன என்று தோன்றியது. பத்து நிமிடம் என்பதைப் பதினைந்து நிமிடமாக்கி ஓடவிட்டேன். பின்னால் றோஸ் நிறத்தில் தண்ணீர் வந்தது. இவ்வளவு ஊத்தை உள்ளே கிடந்திருக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை. தண்ணீர் தெளியும்வரை விட்டு நிறுத்தி, தறப்பாளைப் பழையபடி கட்டிவிட்டு வந்தேன். அவர் தவறவிட்டதைச் சொல்லிக்காட்ட வேண்டாம் என்று அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

றோஸ் நிறத்தில் வந்தது ஊத்தை இல்லை. அது அத்தான் வியாழக்கிழமை ஊற்றிய மருந்து. இந்த எஞ்சின் ஏரித் தண்ணீரை இழுத்துத்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். குளிர் வந்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து, வீங்கி, இரும்பைப் பிளந்துவிடும். அதனால் தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத றோஸ் மருந்தை ஊற்றிவைக்க வேண்டும். அந்த வேலையை அத்தான் ஒவ்வொரு வருடமும் நான் வேலைக்குப் போகிற நாளில் தனியாகத்தான் செய்வார். நான் ஒருநாளும் கூட நின்றதில்லை, நிறத்தையும் கண்டதில்லை. மருந்தைக் கழுவி ஊற்றிவிட்டு, எஞ்சின் நிறையத் தண்ணீரை விட்டு, தைமாதக் குளிருக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இத்தனை வருடம் கனடாவில் இருந்து என்ன கிழித்தேன்?

ஏப்ரலில் தறப்பாளை அவிழ்த்தோம். அத்தான் எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்தார். எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அப்படியென்றால் தண்ணீர் கலந்துவிட்டது. யார்டு மெக்கானிக் வந்தான், வயதான வெள்ளைக்காரன், அதிகம் பேசாதவன். டோர்ச் அடித்துப் பார்த்து எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பைக் காட்டினான். அடியில் தண்ணீர் வடிக்கும் ஆணியைக் கழற்றியதும் வெறும் தண்ணீர் ஒழுகியது.

குளிருக்கு முன்னம் மருந்து ஊற்றினீர்களா என்று கேட்டான். ஊற்றினேன் என்றார் அத்தான். மெக்கானிக் உள்ளே போய் ஒரு போத்தலைக் கொண்டுவந்து தூக்கிக் காட்டினான். இந்த நிறத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லையே என்றான்.

போத்தலில் இருந்தது றோஸ்.

அந்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பக்கத்தில் அத்தான் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். "ஊத்தினனே," என்றார் தமிழில், என்னிடம். கொஞ்சம் பொறுத்து, "அது போன வருசமோ?" என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் நீளம் என்று ஊரெல்லாம் பெயரெடுத்தவன் நான். கடையில் மரக்கறி வாடியிருந்தால் கத்துகிறவன், சுப்பவைசரோடு மல்லுக்கு நிற்கிறவன். அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. வெட்கம்தான், வேறென்ன. நான்கு வருடம் அவரைப் பகிடி பண்ணிய வாயால், அந்தப் பகிடி வேலையையே நான் செய்து கெடுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காரடிக்கு வந்ததும் அத்தான் கார்த் திறப்பை என்னிடம் நீட்டினார். "நீ ஓடு" என்றார். அது அவருடைய கார். அதை அவரைத் தவிர வேறு யாரும் ஓட்டி நான் கண்டதில்லை.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. மாசிமாதம் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனபோது காரை நிறுத்தாமலே திறப்போடு விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பூசை முடிந்து வந்து பார்க்க இரண்டு மணித்தியாலமாக அது ஓடியபடியே நின்றதாம். யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் அவருடைய மகள் பயந்துபோனாள், அக்காவும் பயந்தாள். அவர் பயப்படவில்லை. எஞ்சின் வெடித்த பிறகுதான் பயந்தார். கார் எவருக்கும் மறக்கும், எஞ்சின் எனக்கு மறக்காது என்று அவர் வைத்திருந்த நம்பிக்கையை நான் உடைத்துவிட்டேன்.

மெக்கானிக் இரண்டு வழி சொன்னான். ஒன்று, புது எஞ்சினை அப்படியே இறக்குவது. மற்றது, வெடித்த இரும்புக்கூட்டை மட்டும் எறிந்துவிட்டு, பழைய கூடு ஒன்று எடுத்து, நல்லாயிருக்கும் உள்ளுறுப்புகளைக் கழற்றி அதில் திரும்பப் பூட்டுவது. அது நாட்கணக்கில் செய்யும் வேலை. தன்னால் செய்ய நேரமில்லை, கூடு ஒன்று மட்டும் தன்னிடம் கிடக்கிறது என்றான்.

வேறு எந்த வருடமென்றாலும் அத்தான் இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பார், யோசித்துக்கூட இருக்கமாட்டார். அவர் எஞ்சின் பிரிக்கிற விதம் எங்கள் குடும்பத்தில் பேர்போனது. வோபர்னில் அவர்களுடைய வீட்டுக் கராஜின் நிலம் முழுக்கத் தமிழ்ப் பேப்பர்களை விரிப்பார், தமிழ்க் கடை வாசலில் சும்மா அடுக்கிவைத்திருக்குமே, அந்த விளம்பரப் பேப்பர்கள். கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் கழற்றிய ஒழுங்கிலேயே அதன்மேல் வைத்துக்கொண்டு போவார். ஒரு குறிப்பும் எழுதமாட்டார். வீடு விற்கும் ஏஜென்ற்மாரின் முகத்திலும் கழுத்துப்பட்டியிலும் ஆணிகள் நிற்கும். அவருடைய பழைய வான் வண்டியின் எஞ்சினை அப்படித்தான் ஒரு மாதம் பரப்பி வைத்திருந்து, ஒரு ஆணியும் மிஞ்சாமல் திரும்பப் பூட்டினார்.

"கழட்டிப் பூட்டுவமே அத்தான்?" என்று காரில் கேட்டேன்.

"கழட்டலாம்," என்றார். "திரும்பப் பூட்டுறதுக்கு ஞாபகம் வேணுமெல்லோ."

அதற்குப் பிறகு என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வெயர்ஹவுஸ் பார்க்கிங்கில் அங்குமிங்கும் நடந்துகொண்டு அவருக்குப் போன் பண்ணுவேன். புது எஞ்சின் போடுவோம், செலவு முழுக்க என்னுடையது என்பேன். புதிது வந்துவிட்டால் பழையதைப் பற்றிப் பேச்சே இருக்காது, நானும் தப்பிவிடுவேன் என்று ஒரு கள்ள நினைப்பு. அவர் வேண்டாம் என்பார். அடுத்த நாள் எனக்கே மனம் மாறிவிடும். புதிது போட்டால் அவர் கடைசிவரை தன் மூளை பழுது என்றே நம்பிக்கொண்டிருப்பாரே, பழையதைப் பிரிக்கவைத்தால் தன் கை வேலையைப் பார்த்து அவருக்கே தெளிந்துவிடுமே என்று தோன்றும். உடனே போன் பண்ணி, பிரிப்போம், புதிது வேண்டாம் என்று கத்துவேன்.

"நீ ஏன்டா இப்பிடித் துள்ளுறாய்?" என்பார் ஆறுதலாக. "ஒரு போட் தானே."

வீட்டில் மனைவி, "உங்களுக்கென்ன, எறும்பு கடிக்குதோ? ஒரு கதிரையில இருங்கோவன்" என்றாள். அவளுக்கும் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்பேன். நாள் போகப்போகச் சொல்லவேண்டியது இரண்டாகிவிட்டது: செய்தது ஒன்று, இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிதாக வளர்ந்துகொண்டு போனது.

அக்கா வீட்டில் சுவரெல்லாம் கடதாசித் துண்டுகள் முளைத்தன. அடுப்படியில் "அடுப்பு நிப்பாட்டியாச்சோ?", கதவில் "திறப்பு", குளியலறையில் "தண்ணி". அக்காவின் கையெழுத்து. யாராவது இப்படி எழுதி ஒட்டினால் முன்னைய அத்தான் கிழித்து எறிந்திருப்பார். இவரோ ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று வாசித்துவிட்டு, சொன்னதைச் செய்துவிட்டுப் போனார். அந்தப் பணிவை என்னால் பார்க்க முடியவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்துவிடுவேன்.

ஜூனில் ஞாபகப் பரிசோதனைக்கு அவரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஒரு இளம்பெண் மணிக்கூடு வரையச் சொன்னாளாம், ஐந்து சொற்களைச் சொல்லிப் பத்து நிமிடத்துக்குப் பிறகு திருப்பிக் கேட்டாளாம். எல்லாம் சரி, வயதுக்கு ஏற்றபடி நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. இனிச் சொல்லத் தேவையில்லை, டொக்டரே சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் போனது.

"பாத்தியளோ, உங்களுக்கு ஒண்டும் இல்லை" என்றேன் காரில்.

"அந்தப் பிள்ளைக்கு எஞ்சின் தெரியாது" என்றார்.

பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தார். "கதவு, குருவி, எலுமிச்சம்பழம், மணி, நீலம்." நான் கேட்கவில்லை என்று நினைத்திருக்கலாம். அதற்குப் பிறகு கோயில் வரிசையிலும் மரக்கறிக் கடையிலும் அவருடைய உதடு அசைவதைக் கண்டேன். என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

ஜூலையில் மெக்கானிக் அழைத்தான். யார்டில் இடம் வேண்டும், எஞ்சின் போடுவதென்றால் போடுங்கள், இல்லையென்றால் படகை உள்ளபடியே வாங்க ஒருவன் இருக்கிறான் என்றான். அத்தான் என்னைக் கேட்கக்கூட இல்லை. "குடுப்பம். என்னை நம்பித் தண்ணியில போகேலாது. உன்னையும் தாட்டுப்போடுவன்" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அவருடைய காரில் அவரை ஏற்றிக்கொண்டு யார்டுக்குப் போனேன். நல்ல வெயில். ஏரியில் எல்லோருடைய படகும் நின்றது. மெக்கானிக்கின் மேசையில் விற்பனைக் கடதாசி தயாராக இருந்தது. அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். வாசித்ததை விளங்கிக்கொண்டோமா என்ற பயத்தில் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். பேனையை எடுத்தார். அவருடைய உதடு அசைந்தது. கதவு, குருவி.

"அத்தான், நீங்கள் மறக்கேல்லை" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் மருந்து ஊத்தினனீங்கள். நான்தான் பிறகு வந்து கழுவினனான். மழையில விட்டுப்போச்சு எண்டு நினைச்சு, சனிக்கிழமை வந்து குழாயைப் பூட்டிக் கழுவினனான்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சினைப் பற்றிக் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எவ்வளவு நேரம் விட்டனி?"

"பதினைஞ்சு நிமிசம்."

"என்ன வந்தது?"

"றோஸ் தண்ணி. நான் ஊத்தை எண்டு நினைச்சன்."

"றோஸ்," என்றார். கண்ணாடியைக் கழற்றினார். "பிறகு?"

"தெளியுமட்டும் விட்டன்."

தலையை ஆட்டினார். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. கணக்குச் சரிவந்துவிட்டது. அவருடைய தோள் ஒருமுறை உயர்ந்து இறங்கியது. நான் அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படி நினைத்தேன்.

"இது உனக்கு எப்ப விளங்கினது?"

"ஏப்ரலில. அவன் போத்தலைக் காட்டேக்கை."

"ஏப்ரல்," என்று ஒரு விரலை மடக்கினார். "மே. ஜூன். ஜூலை." நாலு விரல் மடங்கிய கையை எனக்கு முன்னால் பிடித்தார். "மூண்டு மாசத்துக்கு மேல. உந்த அஞ்சு சொல்லையும் சொல்லிக்கொண்டு விசரன் மாதிரித் திரியிறன். கதவு, குருவி, எலுமிச்சம்பழம், மணி, நீலம். கேட்டனியோ? கதவு, குருவி, எலுமிச்சம்பழம், மணி, நீலம். உன்ர அக்கா ஒட்டிவிட்ட துண்டைப் பாத்துத்தான்ரா நான் அடுப்பு நிப்பாட்டுறன். எனக்குப் பக்கத்தில இருந்து கார் ஓடிக்கொண்டு இருந்தாயே."

அவர் என்னோடு ஒருநாளும் கோபித்ததில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் இல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று சொன்னேன், இரண்டுமுறை சொன்னேன் போலிருக்கிறது.

"திறப்பைத் தா" என்றார்.

கொடுத்தேன். அவர் வெளியே போய்க் காரில் ஏறி, கதிரையை முன்னுக்கு இழுத்தார், நான் மாற்றிவைத்திருந்த கண்ணாடிகள் மூன்றையும் தன் கண்ணுக்குத் திருப்பினார், பெல்ற்றைப் போட்டார். பிறகு ஒரே வெட்டில் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வருவாரோ என்று நான் அரை மணித்தியாலம் யார்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் வந்து பக்கத்தில் நின்றான். என்ன முடிவு, விற்பதா, புது எஞ்சினா, பழையதா என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன்.

அந்தப் படகுத்துறையிலிருந்து மேலே தெருவுக்கு வரும் பாதை செங்குத்தான ஏற்றம். கார்கள் உரசிக்கொண்டு போயின. மூச்சு வாங்க, சேட்டு முதுகில் ஒட்ட, நின்று நின்று ஏறினேன். அவர் கோபத்தில் போய் எங்காவது மோதிவிட்டால் என்று ஒரு பயம். இனி அந்த வீட்டுப் படி மிதிக்க முடியுமா என்று இன்னொரு பயம். அக்காவிடம் என்ன சொல்வது என்று சொற்களைத் தேடிக்கொண்டு முக்கால்வாசி ஏறியபோது போன் அடித்தது. அக்கா.

"என்னடா செய்தனி? இவர் தனியக் கார் ஓடிக்கொண்டு வந்து நிக்கிறார். என்னோடையும் கதைக்கிறாரில்லை. வந்த வரத்தில நான் ஒட்டின துண்டெல்லாத்தையும் கிழிச்சு எறிஞ்சிட்டார்."

"இப்ப என்ன செய்யிறார்?"

"கராஜுக்குள்ள நிக்கிறார். இருந்த சாமானெல்லாத்தையும் வெளியில தள்ளிப்போட்டு நிலத்தில பேப்பர் விரிக்கிறார்."

பாதையோரப் புல்லில் அப்படியே இருந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்தொரு வயது மனிதன் றோட்டோரத்தில் இருந்து அழுவதைக் காரில் போன ஒரு பெண் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

"கேக்குதோடா? நீ எங்கை நிக்கிறாய்?"

"ஏத்தத்தில நிக்கிறன் அக்கா. சரியான வெயில். அத்தானை ஒருக்கா வந்து ஏத்தச் சொல்லு."

அக்கா போனை மூடாமலே கராஜ் பக்கம் போனது கேட்டது. அவள் ஏதோ சொன்னாள். பேப்பர் சரசரத்தது. அத்தானின் குரல் இரண்டே இரண்டு வசனம் சொன்னது, எனக்குச் சொல் விளங்கவில்லை. அக்கா திரும்பி வந்தாள்.

"நடந்து வரட்டுமாம்," என்றாள். "வரேக்கை தமிழ்க் கடையில நிண்டு இன்னும் கொஞ்சப் பேப்பர் எடுத்துக்கொண்டு வரட்டுமாம். இருக்கிறது காணாதாம்."